லோரியில் ஏறிய நாக்டர்ன்

போன மாதம், என் மனைவி வசந்தாவிடம் பியானோ படிக்கும் பிள்ளைகள் ஈப்போவில் ஒரு சின்ன அரங்கத்தில் வாசித்தார்கள். வருடா வருடம் நடப்பதுதான். நாற்காலி போடுவது, பெற்றோர்களுக்குக் கறிபாப் தட்டை நீட்டுவது, ஒலிபெருக்கி கரகரத்தால் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவது எல்லாம் என் இலாகா. இந்த முறை உயரமான ஒரு பெண் இசைத்தாளே இல்லாமல் வந்து உட்கார்ந்தாள். தாள் வைக்கும் இடத்தில் ஒரு டேப்லட் நின்றது. காலடியில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஏதோ ஒன்று. பக்கம் முடியும் நேரத்தில் இடது காலால் அதை லேசாக மிதித்தாள். திரையில் அடுத்த பக்கம் வந்துவிட்டது.

நான் பாதி எழுந்து நின்றிருந்தேன். பக்கத்தின் கடைசி வரி வந்ததும் என் முழங்கால்கள் என்னைக் கேட்காமலே நிமிர்ந்துவிட்டன. பக்கத்தில் இருந்த வசந்தா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. யாரும் உங்களக் கூப்புடல."

எனக்கு அடுத்த நாற்காலிக்காரர், நான் கழிப்பறைக்குப் போகிறேன் என்று நினைத்துக் காலை ஒதுக்கி வழி விட்டிருந்தார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பக்கம் திருப்புவது என்று ஒரு வேலை உண்டு என்பதே உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஈப்போ பழைய டவுனில் ஒரு லோரிக் கம்பெனியில் கிளார்க்காக இருந்தேன். காம்பாருக்குச் சிமெண்டு, லூமுட்டுக்குப் பலகை என்று எழுதுவதுதான் பிழைப்பு. கீழே எங்கள் ஆபீஸ், மேல்மாடியில் மிசஸ் லியோங் நடத்திய பியானோ வகுப்பு, நடுவே ஒரு பலகைத் தளம். எங்கள் முதலாளி தவுக்கே போனில் கத்துவது மேலே கேட்கும். மேலே பிள்ளைகள் தட்டுவது எங்கள் தலையில் விழும். மத்தியானம் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் மட்டும் ஒரு மணி நேரம் வேறு மாதிரியான வாசிப்பு கேட்கும். மிசஸ் லியோங் நல்ல ரேடியோ வாங்கியிருக்கிறார் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஒருநாள் அந்த ரேடியோ படியிறங்கி வந்து எங்கள் கவுண்டர் முன்னால் நின்றது. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி.

"அண்ணே, ஒரு அரை மணி நேரம் வர முடியுமா? பக்கம் திருப்ப ஆள் வேணும்லா."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் வாசல் பக்கம் திரும்பியும் பார்த்தேன்.

முதல் பேச்சிலேயே அவள் என்னை அண்ணே என்றதையும், நான் வாசலைப் பார்த்ததையும் எங்கள் பிள்ளைகள் இன்றும் எல்லா விருந்திலும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். வசந்தா சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபடியே, மேடையில் வாசிப்பவர்களுக்கான டிப்ளோமா தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். பெரிய உருப்படிகளில் இரண்டு கையும் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கம் திருப்ப விரல் மிஞ்சாது. அதுவரை திருப்பிக்கொண்டிருந்த மிசஸ் லியோங்கின் அண்ணன் மகன் வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போய்விட்டான். கீழே நான்தான் சும்மா இருப்பதுபோலத் தெரிந்திருக்கிறேன்.

மேலே போனதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "கையக் களுவிட்டு வாங்கண்ணே." என் விரலெல்லாம் டீசலும் கார்பன் மையும். கழுவிவிட்டு வந்து இசைத்தாளை விரித்தால், அதிலிருந்து வேறொரு வாசம் வந்தது. பழைய காகிதம், ரசகற்பூரம், அதற்கடியில் லேசான புகை. சுங்கை சிப்புட் பக்கத்தில் நான் பிறந்த தோட்டத்தில் ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தட்டிய ஷீட்டுகளைத் தொங்கவிடும் புகைக்கூடம் ஒன்று இருந்தது. என் அம்மாவின் தலைமுடியில்கூட அந்த வாசம் இருக்கும். ஐரோப்பாவில் எப்போதோ யாரோ எழுதிய பாட்டில் அம்மாவின் தலைமுடி வாசம் வருகிறது என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

திருப்புவதிலும் முறை இருக்கிறது. வாசிப்பவருக்கு இடது பக்கம் உட்கார வேண்டும். கடைசி வரி வரும்போது சத்தமில்லாமல் எழ வேண்டும். இடது கையைத் தாளுக்கு மேலாக நீட்டி, மூலையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவள் தலையசைத்ததும் ஒரே வீச்சு. எனக்கு இசை படிக்கத் தெரியாது. அந்தத் தலையசைப்பு ஒன்றுதான் என் படிப்பு. முதல் நாள் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினேன். அடுத்த நாள் தாளோடு மூக்குக்கண்ணாடியையும் தட்டிவிட்டேன். அதற்குப் பிறகும் அவள் என்னைக் கூப்பிட்டாள் என்றால் ஈப்போவில் ஆள் பஞ்சம் அவ்வளவு இருந்திருக்கிறது.

தேர்வுக்கு என்ன வாசிப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. மிசஸ் லியோங்கின் அலமாரியில் போன நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டு உருப்படிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. எல்லாம் பியானோ தனியாக வாசிப்பதற்கென்றே எழுதியவை. ஒவ்வொரு மத்தியானமும் ஒன்றிரண்டை எடுத்து வாசித்துப் பார்ப்போம். பார்ப்போம் என்று நான் என்னையும் சேர்த்துக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். எழுதியவர்களின் பெயர்கள் என் வாயில் நுழையாது. சொல்லிப் பார்த்தால் வசந்தா இன்றும் திருத்துகிறாள், அதனால் சொல்வதில்லை. ஒருவர் போலந்துக்காரர், நெஞ்சு வியாதி. ஒருவர் தாடிக்கார ஜெர்மன்காரர். வயதான பிறகு சின்னச் சின்னதாக எழுதியவர். இன்னொரு ஜெர்மன்காரர், குழந்தைகளைப் பற்றிப் பெரியவர்களுக்காக எழுதியவர்.

"இத என் பசங்களே வாசிச்சிருவாங்க," என்று அந்தக் கடைசி ஆள் தூங்கும் பிள்ளையைப் பற்றி எழுதிய ஒரு பக்கப் பாட்டைக் காட்டினாள் வசந்தா. "நோட்டு ஒண்ணும் கஷ்டமில்ல. நான் வாசிச்சாத்தான் சூசாவா இருக்கு."

"ஏன்?"

"பசங்க தூக்கத்தப் பத்திப் பயப்பட மாட்டாங்கல்ல. நான் தூங்கற புள்ளையப் பார்த்துக்கிட்டு நிக்கற மாதிரி வாசிக்கணும். எனக்குப் புள்ளையும் இல்ல, எப்படி நிக்கறதுன்னும் தெரியல."

ஒவ்வொன்றும் வாசித்து முடித்ததும் எப்படி இருந்தது என்று கேட்பாள். நன்றாக இருந்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். நாக்டர்ன் என்று ஒரு வகை. இரவுக்கான பாட்டு என்று அர்த்தமாம். இடது கை ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்க, வலது கை மட்டும் கொஞ்சம் பிந்தியும் முந்தியும் பாடும். "இடது கை மண்டோர் மாதிரி மணி பார்த்துக்கிட்டு நிக்குது. வலது கை பெரட்டுக்கு லேட்டா வர்ற அம்மா மாதிரி, கொண்டைய முடிஞ்சிக்கிட்டே ஓடி வருது," என்றேன். பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் மண்டோர், அதாவது மேற்பார்வை ஆள், எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வசந்தா சிரிக்கவில்லை. அந்த இடத்தைத் திரும்ப வாசித்தாள். வலது கை நான் சொன்னதுபோலவே ஓடி வந்தது. அவசரத்திலும் ஒரு அழகோடு.

"நீங்க தோட்டமா?" என்று கேட்டாள்.

"ஆமா. நீங்க?"

"நானும்தான்."

அவள் அப்படிச் சொன்னதில் பாதிதான் உண்மை. நான் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள்; ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. அவளுடைய அப்பா பத்து காஜாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது ஆபீசுக்கே தலைவர். அந்தக் காலத்தில் லயத்துக்கும் கிராணி வீட்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தை மைலில் சொல்ல முடியாது. அவள் வீட்டுப் பியானோகூட ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனதுதான். கிராணி அதை மகளுக்கென்று வாங்கி வைத்து, பத்து காஜாவிலிருந்து ஒரு கன்னியாஸ்திரியை வரவழைத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தாராம்.

ஒரு சனிக்கிழமை கிராணி மகளைக் கூட்டிப்போக ஈப்போவுக்கு வந்தார். படியேறி வந்தவர் கண்ட காட்சி, நான் அவர் மகளின் தோளுக்கு மேலே குனிந்து கையை நீட்டிக்கொண்டு நின்றது. பாட்டு முடியும்வரை காத்திருந்தார். அந்த மரியாதை அவரிடம் இருந்தது.

"தம்பி எந்த ஊரு?"

"சுங்கை சிப்புட் பக்கம் சார். தோட்டம்."

"அப்பா?"

"பால்மரம் வெட்டறாரு சார்."

"அப்படியா," என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போது மகளிடம், "அந்தப் பையன் இனி திருப்ப வேணாம்," என்றாராம். "அப்ப நீங்க வந்து திருப்புங்கப்பா," என்று வசந்தா சொல்லியிருக்கிறாள். அதோடு வீட்டில் பேச்சு நின்றுபோனது. மேல்மாடியில் பக்கம் திருப்புவது மட்டும் நிற்கவில்லை. அண்ணே என்று கூப்பிடுவதை எந்த நாளிலிருந்து விட்டாள் என்று எனக்கு நினைவில்லை. வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை. தலையை அசைப்பாள், நான் திருப்புவேன்.

பிறகு கிராணி வேலை பார்த்த தோட்டம் விலைபோனது. அந்த வருடங்களில் பேராக்கில் ஒவ்வொரு தோட்டமாக அப்படித்தான் போயின. லயத்துச் சனங்களுக்குப் போக இடம் தேட வேண்டியிருந்தது. கிராணிக்கும் ஆபீஸ் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பத்து காஜாவில் ஒரு சின்ன வரிசை வீடு பார்த்தார். வாசல் வழியாகப் பியானோ நுழையாது. யாரோ பழைய சாமான் வியாபாரியிடம் கொடுத்துவிடப்போவதாகச் சொன்னார்.

அன்று மத்தியானம் வசந்தா மாடிக்குப் போகாமல் எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றாள்.

"மேல எனக்குக் கிடைக்கறது ஒரு மணி நேரம். மிச்சமெல்லாம் வீட்டுலதான் வாசிக்கறேன். அதுவும் போயிட்டா பரீட்சைக்குப் போக வேண்டாம்," என்றாள். அழவில்லை. லோரிகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் அன்றைக்குக் காம்பார் சிமெண்டு லூமுட்டுக்குப் போய்விட்டது.

தவுக்கேயிடம் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு லோரி வேண்டும். நம் ஆபீசின் பின்கட்டில், காலி மூட்டைகள் கிடக்கும் இடத்தில் ஒரு பியானோ வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் கணக்குப் போடும் மனிதர்.

"பியானோ சாப்பாடு கேக்குமா?" என்று மலாயில் கேட்டார்.

"கேக்காது தவுக்கே."

"அப்ப இருக்கட்டும்."

கிராணிக்கு வேறு வழியில்லை. சம்மதித்தார், என் முகத்தைப் பார்க்காமல். ஞாயிற்றுக்கிழமை டிரைவர் மணியம் அண்ணனும் நானும் லோரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். லயத்து ஆண்கள் பால்வாளி சுமக்கும் காண்டாக் கம்புகளை அடியில் கொடுத்துப் பியானோவைத் தூக்கி, டிரைவர் அறைக்கு முதுகைச் சாய்த்து நிறுத்திக் கயிறு போட்டார்கள். புறப்பட்டுப் பால் நிறுக்கும் கொட்டகையைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மணியம் அண்ணன் லோரியைப் பின்னாலெடுத்து, பின்பகுதி முழுதும் கொட்டகைக் கூரைக்கு அடியில் இருக்கும்படி நிறுத்தினார். கிராணி முன்சீட்டிலிருந்து இறங்கிக் குடையோடு நின்றார். பஸ்ஸுக்கென்று நடந்து வந்துகொண்டிருந்த வசந்தாவும் கொட்டகைக்குள் ஒதுங்கினாள். நாங்களும் நின்றோம். மழை விடுகிற மாதிரி இல்லை.

கொட்டகையில் ஏற்கெனவே சனம் இருந்தது. பியானோ போகிறது என்று கேள்விப்பட்டு வந்தவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்களுமாகச் சேர்ந்துவிட்டார்கள். முக்காடு போட்ட ஒரு அம்மா லோரிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"சின்னம்மா, போறதுதான் போற. ஒண்ணு வாசிச்சிட்டுப் போயேன்."

"உங்களுக்குப் பிடிக்குமா அக்கா?" என்று வசந்தா கேட்டாள். அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள் என்று நினைக்கிறேன்.

"நல்லாக் கேட்ட போ. தெனமும் பால் எடுத்துட்டு ஒங்க வீட்டுப் பின்னாலதான வரோம். ஒரு பாட்டு இருக்கு, தாலாட்டாட்டம் போயி நடுவுல ஒரு எடத்துல தட்டிரும். நீ நிறுத்திட்டு மறுபடி மொதல்லேருந்து வருவ. அந்த எடம் வர்றப்போ நான் வாளிய கீழ வச்சிட்டு நின்னுருவேன். தாண்டிட்டியா இப்ப?"

வசந்தா செருப்பைக் கழற்றினாள். பிறகு லோரியில் ஏறினாள். ஸ்டூலைக் கயிற்றுக்கு அடியில் கட்டிவிட்டிருந்தோம். அதனால் மணியம் அண்ணன் ஸ்பேர் டயரை உருட்டிப் போட்டு அதன்மேல் ஒரு சாக்கை விரித்தார். பைக்குள்ளிருந்து நாக்டர்னை எடுத்து வைத்தாள். நான் வழக்கம்போல் இடது பக்கம் போய் நின்றேன்.

சாரலும் காற்றும் சேர்ந்து அடித்ததில் தாள் படபடவென்று பறக்கப் பார்த்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறுகையால் திருப்ப வேண்டும், முடியவில்லை. அப்போது லோரி ஒரு பக்கமாக அமுங்கியது. திரும்பிப் பார்த்தால் கிராணி குடையை மடக்கிக் கீழே கொடுத்துவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தார். வேட்டி நனையும் என்று அவர் பார்க்கவில்லை. வலது பக்கம் வந்து தாளின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மற்ற ஓரம் என்னிடம்.

வசந்தா வாசித்தாள். தகரக் கூரையில் மழை கொட்டியது. மெதுவான இடங்கள் பாதி காதில் விழவில்லை. சனம் நெருங்கி வந்தது. லோரியின் ஆட்டத்தில் சுருதியும் கொஞ்சம் கலைந்திருந்தது. ஆனால் அந்த இடம் வந்தது, தாண்டிப் போனது. அஞ்சலையக்கா பக்கத்திலிருந்தவரின் கையைத் தட்டிக் காட்டினார். நான் பக்கங்களைத் திருப்பினேன். கிராணி ஒவ்வொரு முறையும் விரலை எடுத்து, புதுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் தாளைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. அங்கே அந்தப் பழக்கம் இல்லை. "நல்லா இரும்மா," என்று அஞ்சலையக்கா மட்டும் சொன்னார். கயிற்றை இறுக்கும்போது கிராணி என்னிடம் கேட்டார்.

"எப்பத் திருப்பணும்னு ஒனக்கு எப்படித் தெரியுது? நோட்டுப் படிக்கத் தெரியாதுன்னாளே."

"அவங்க தலைய அசைப்பாங்க சார்."

"அசைக்கலியே."

"அசைச்சாங்க சார்."

"நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். எனக்கு ஒண்ணும் அசையற மாதிரித் தெரியல," என்றார்.

கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டேன். உண்மையில் அது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. முதல் நாட்களில் யார் பார்த்தாலும் தெரியும்படி அசைந்த தலை, மாதங்கள் போகப் போகக் குறைந்து, குறைந்து, ஒரு மூச்சு இழுப்பு அளவுக்கு வந்திருந்தது. அதை நான் எங்கிருந்து பார்த்தேன் என்று இன்று கேட்டாலும் சொல்லத் தெரியாது.

பத்து காஜா வரைக்கும் முன்சீட்டில் மணியம் அண்ணனுக்கும் கிராணிக்கும் நடுவே நான் உட்கார்ந்து வந்தேன். வசந்தா பஸ்ஸில் போய்விட்டாள். ஊருக்குள் நுழையும்போது கிராணி சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒங்கப்பா அம்மா எப்ப வீட்டுல இருப்பாங்க?"

"ஞாயித்துக்கெழம இருப்பாங்க சார்."

"ம்," என்றார். மணியம் அண்ணன் கியரை மாற்றும் சாக்கில் என் தொடையைக் கிள்ளினார். கன்றிப்போனது.

மூட்டைகளுக்கு நடுவே அவள் காலையும் மாலையும் வாசித்துப் பழகினாள். தவுக்கே போனில் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டார். அவ்வளவும் நடந்து, தேர்வில் வசந்தா தோற்றாள். பாலாட் என்ற பெரிய உருப்படி ஒன்று. மேடைக்காரர்கள் எல்லாரும் வாசிப்பது. பேய் மழை மாதிரி முடியும். அதை வைத்தால்தான் மதிப்பு என்று மிசஸ் லியோங்கும் சொல்லியிருந்தார். அதில் கைகள் நின்றுவிட்டன. வெளியே வந்து, "பசிக்குது, மீ சாப்பிடலாம்," என்றாள். ஒரு தட்டு மீ நூடுல்ஸை முடித்த பிறகுதான் அழுதாள். என் கைக்குட்டையில் டீசல் வாசம் அடித்ததால் அழுகையை நடுவில் நிறுத்தி, திட்டவும் செய்தாள்.

அடுத்த முறை போனபோது எங்களுக்குக் கல்யாணம் ஆகி, முதல் பிள்ளை பிறந்திருந்தது. பாலாட்டை எடுத்துவிட்டாள். தாடிக்காரர் வயதான காலத்தில் எழுதிய சின்னத் துண்டுகள், ஒரு நாக்டர்ன், தூங்கும் பிள்ளையைப் பற்றிய அந்த ஒரு பக்கப் பாட்டு என்று வைத்துக்கொண்டாள். கடைசிப் பாட்டுக்கு நான் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. உட்கார்ந்து கேட்டேன். எப்படி நிற்பது என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. அந்த முறை தேறினாள்.

கிராணி, என் மாமனார், கடைசிவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். மாப்பிள்ளை என்று சொல்ல அவர் நாக்கு வளையவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் பியானோவுக்கு வலது பக்கம் ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்வார். அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. மிசஸ் லியோங் மகளோடு ஆஸ்திரேலியா போய், அங்கேயே காலமானார். எங்கள் லோரி ஆபீஸ் இருந்த கட்டடத்தில் இப்போது ஒரு காப்பிக் கடை; மேல்தளப் பலகையை எடுத்துவிட்டு, அண்ணாந்து பார்க்க உயரமாக வைத்திருக்கிறார்கள். அஞ்சலையக்கா குடும்பம் எங்கே குடிபோனது என்று எவ்வளவோ பேரிடம் விசாரித்தும் தெரியவில்லை.

ஒருமுறை நானும் வசந்தாவும் காடியை, காரைத்தான் சொல்கிறேன், எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டம் இருந்த இடத்தைப் பார்க்கப் போனோம். ஒரு மரம்கூட இல்லை. ஒரே அச்சில் வார்த்ததுபோல் இரண்டு மாடி வீடுகள், தெருவுக்குத் தெரு ஏதோ பூவின் பெயர். கொட்டகை எங்கே இருந்திருக்கும், ஆபீஸ் வீடு எங்கே இருந்திருக்கும் என்று மேட்டையும் பள்ளத்தையும் வைத்துக் கணிக்கப் பார்த்தோம். மேட்டையும் சமமாக்கிவிட்டார்கள். ஒரு வீட்டு முன்னால் நின்று வசந்தா சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தபோது, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெண் கேட்டாள்.

"சாரி சியாப்பா, மச்சிக்?" யாரைத் தேடுகிறீர்கள், அத்தை என்று.

யாரையும் இல்லை என்று வசந்தா மலாயில் சொன்னாள். முன்பு இங்கே இருந்தோம் என்றாள். அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. இந்த வீடுகளுக்கு அவர்கள்தான் முதல் குடித்தனமாம். வெயிலில் நிற்கிறீர்களே என்று குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கதவோரச் சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னச் செடிகள். ஒவ்வொன்றும் ரப்பர்ப் பால் பிடிக்கும் மண் மங்கில் நட்டிருந்தது. வசந்தா ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"தோட்டம் போடலாம்னு தோண்டினேன். தோண்டத் தோண்ட இதுதான் வருது," என்றாள் அந்தப் பெண் மலாயில். "எதுக்குச் செஞ்சதுன்னு தெரியல. செடி வைக்க நல்ல அளவு. வேணும்னா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க."

வசந்தா வேண்டாம் என்றாள். மங்கு இருந்த இடத்திலேயே இருக்க, செடி வெயில் பக்கம் பார்க்கும்படி கொஞ்சம் திருப்பிவிட்டு வந்து காடியில் உட்கார்ந்துகொண்டாள்.